எத்தனை மணிக்குச் சுடுகிறது? கொழும்பு வீட்டு வெப்பக் காப்பில் பழுது தேடும் முறை

"கூரைக்குக் கீழே அலுமினிய ஃபோயில் போட்டு நாலு வருசம்தான் ஆகுது, அறை திரும்பவும் கொதிக்குது. கழற்றிப் புதுசாப் போடவா?" இப்படி யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குக் கொதிக்கிறது? மத்தியானமா, பின்னேரமா, இரவு படுக்கப் போகும்போதா?

தகட்டுக் கூரை மெல்லியது. வெயில் பட்டால் சில நிமிடத்தில் சூடாகும், மேகம் மறைத்தால் சில நிமிடத்தில் ஆறும். ஐந்தாறு அங்குலக் கொங்கிறீட் சிலாப் அப்படியில்லை. மத்தியானம் மேலே வாங்கிய சூட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்கி, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் அறைக்குள் விடத் தொடங்கும். இரவு பத்து, பதினொரு மணி வரைக்கும் விட்டுக்கொண்டிருக்கும். அறை சுடும் நேரம் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெப்பக் காப்பு சூட்டால் தேய்வதில்லை. கொழும்பில் அதைக் கெடுப்பவை தண்ணீர், தூசி, கடற்காற்றின் உப்பு, அப்புறம் சீலிங்குக்கு மேலே குடிவரும் பிராணிகள். இவற்றில் தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கிளாஸ் வூலும் (கண்ணாடி நார்ப் பஞ்சு) ரெஜிஃபோமும் (வெள்ளை நுரைப் பலகை) வேலை செய்வது தமக்குள் அசையாத காற்றைப் பிடித்து வைத்திருப்பதால். அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால் காப்பு போய்விட்டது; அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்தும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் புதிதாக வாங்கிப் போட்டால், அதற்கும் அதே நாலு வருசம்தான் ஆயுசு.

தொடங்குவதற்கு ஒரு சின்ன அளவீடு போதும். நெற்றிக்குப் பிடிக்கிற வகை இல்லாமல், சுவருக்குப் பிடிக்கிற அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று எடுத்து, மேகமில்லாத நாளில் மத்தியானம் ஒரு மணிக்குச் சீலிங்கையும் அதே அறையின் உட்சுவரையும் அளந்து பாருங்கள். சீலிங் இரண்டு, மூன்று பாகை கூட இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஆறு, ஏழு பாகைக்கு மேல் போனால் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். வெப்பமானியைப் பளபளப்பான ஃபோயிலில் மட்டும் பிடிக்க வேண்டாம், அது பொய் சொல்லும். பெயின்ற் அடித்த போர்டில் பிடியுங்கள்.

மேலே ஏறுவதற்கு முன்

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அலுமினிய ஃபோயில் மின்சாரத்தைக் கடத்தும். எலி கடித்த வயர் ஒன்று அதில் பட்டுக் கிடந்தால் ஃபோயில் முழுவதிலும் 230 வோல்ட் ஓடும். அவுஸ்திரேலியாவில் 2009, 2010 இல் வீடுகளுக்கு இன்சுலேஷன் போடும் அரசாங்கத் திட்டத்தில் வேலை செய்த நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கடும் வெப்பத்தில் வேலை செய்து. மின்சாரம் தாக்கியவர்களில் இருவர் ஃபோயில் பொருத்திக்கொண்டிருந்தவர்கள். ஃபோயிலை அடித்த உலோகப் பின் வயரைத் துளைத்த கதை அது. அதனால் கூரைக்குள் ஸ்டேப்ளர் வேண்டாம். நைலோன் கயிறும் மெல்லிய மரச் சிலாகையும் போதும்.

காலை ஆறரைக்கு ஏறி எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு அங்கே ஒருவரும் இருக்கக் கூடாது. கீழே ஒருவர் நிற்கட்டும். கால் வைப்பது கைமரத்திலும், கைமரங்களுக்குக் குறுக்கே போட்ட பலகையிலும் மட்டும்.

உங்கள் கூரையோ சீலிங்கோ பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றாக இருந்தால் துளைக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், காய்ந்தபடி கூட்ட வேண்டாம், பிரஷர் வோஷரால் கழுவவும் வேண்டாம். அந்த நார் புற்றுநோய் தரும். இதில் பாதுகாப்பான வகை என்று எதுவும் இல்லை. உடையாத சீற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்குக் கீழே தனிச் சட்டத்தில் காப்பைக் கட்டுவதே நல்லது. உடைந்து கிடந்தால், அதைக் கையாளத் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள்.

மத்தியானம் கொதிக்கிறது, பொழுதுபட்டதும் ஆறிவிடுகிறது

இது தகட்டுக் கூரையும் ஃபோயிலும் உள்ள வீடுகளின் பிரச்சினை. அமானோ சீற்றுக்கு (உலோகக் கூரைத் தகடு) கீழே ஐந்து அல்லது பத்து மில்லிமீற்றர் நுரை ஒட்டிய ஃபோயில், அதற்குக் கீழே சீலிங் போர்ட். வெள்ளவத்தையிலிருந்து வத்தளை வரை மேல்மாடி எழுப்பிய வீடுகளில் இதைத்தான் அதிகம் காண்கிறேன்.

சீலிங்கின் திறப்பு வழியாகத் தலையை நுழைத்து, முதலில் ஃபோயிலின் எந்தப் பக்கம் பளபளக்கிறது என்று பாருங்கள். பளபளப்பு கண்ணாடி மாதிரி மேலே பார்த்திருந்தால்தான் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. பளபளக்கும் அலுமினியத்துக்கு இரண்டு குணம். தன்மேல் விழும் வெப்பக் கதிரைத் திருப்பி விடும். அதோடு, தான் சூடானாலும் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே விடாது. சுத்தமாக இருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்குகூட விடாது. இந்த இரண்டாவது குணம்தான் நமக்கு உதவுகிறது. மேலே பார்க்கும் முகத்தில் தூசி படியும், படியப் படிய வேலை குறையும். கொழும்பில் வீதித் தூசிக்கும் பக்கத்து வளவின் கட்டட வேலைக்கும் குறைவில்லை. கீழே பார்க்கும் முகத்தில் தூசி நிற்காது. அதனால் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் ஃபோயில் என்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும்.

அடுத்தது இடைவெளி. பளபளப்பு முகத்துக்கு முன்னால் குறைந்தது 25 மில்லிமீற்றர் வெறும் காற்று வேண்டும். எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் ஃபோயில் வெறும் உலோகத் தாள், சூட்டை அப்படியே கடத்திவிடும். கம்பி வலை தொய்ந்து ஃபோயில் சீலிங் போர்டில் உட்கார்ந்திருந்தால், வலையை இழுத்து நைலோன் கயிற்றால் கைமரத்தில் கட்டினாலே பலன் அன்றைக்கு மத்தியானமே தெரியும். செலவு ஒரு கயிற்றுப் பந்து.

ஒட்டு விட்டுப்போன இடங்களை அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். பார்சல் கட்டும் மண்ணிறப் பிளாஸ்ரிக் டேப் அந்தச் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பது முக்கியம். தூசிக்கு மேல் ஒட்டிய டேப் ஒரு மாதம் தாங்காது. தூசியை மென்மையான தும்புக்கட்டையால் தட்டினால் போதும். சவர்க்காரத் தண்ணீர், புளீச் எதுவும் வேண்டாம்.

கடலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள ஒழுங்கை ஒன்றில், எட்டு வருசமான ஃபோயிலில் ஒரு கை அகலத் துண்டை வெட்டி, நுரையை உரித்து, டோர்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். அமாவாசை வானம் மாதிரி முழுக்கப் புள்ளி வெளிச்சம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் உப்புப் போல வெள்ளைத் தூள், விரலால் தடவினால் சாம்பலாக ஒட்டியது. இறவாரத்தின் வழியே வரும் உப்புக் காற்று அலுமினியத்தை இப்படித்தான் தின்னும். ஈரமான சீமெந்துத் தூசி பட்டாலும் இதே கதிதான். பளபளப்பு மங்கி வெள்ளைத் தூள் பிடித்துவிட்டால் துடைத்து மீட்க முடியாது. ஆனால் பழையதைக் கழற்றவும் தேவையில்லை. அதன் நுரை இன்னும் கொஞ்சம் காக்கும். அதற்குக் கீழே இடைவெளி விட்டுப் புதிய ஃபோயிலைக் கட்டுங்கள்.

கடைசியாக, காற்றோட்டம். முகட்டுக்குப் பக்கத்தில் சூட்டுக் காற்று வெளியேற வழியிருந்ததா, அதை யாராவது பலகையால் அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். பிராணிகளுக்குப் பயந்து அடைத்திருப்பார்கள். பலகையை எடுத்துவிட்டு அரை அங்குலக் கம்பி வலை போடுங்கள்.

பின்னேரம் தொடங்கி நடுச்சாமம் வரை சுடுகிறது

கொங்கிறீட் சிலாப். இங்கே காப்பு சிலாப்புக்கு மேலே, சீமெந்துப் பூச்சுக்குள் புதைந்திருக்கும். பெரும்பாலும் 25 மில்லிமீற்றர் ரெஜிஃபோம். இந்த முறையை நம் வெயிலுக்கு ஏற்றபடி ஆராய்ந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஹல்வத்துரவும் ஜயசிங்கவும் 2008 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். முறை நல்லது. கெடுவது மேல் பூச்சில் விழும் வெடிப்பால். வெடிப்பில் இறங்கிய மழைத் தண்ணீர் ரெஜிஃபோம் பலகைகளின் மூட்டுக்களில் தேங்கி, கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் நின்றுவிடும். அறைக்குள் ஒழுக்கு இருக்காது. அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மழையில்லாத நாளில், சிலாப்பின் மேல் ஒன்றரை அடிச் சதுரத் தெளிந்த பொலித்தீனை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். மறுநாள் காலை பொலித்தீனின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. தண்ணி டாங்கியின் கீழே, மழைநீர்க் குழாயின் வாயருகே, கைப்பிடிச் சுவரின் அடியில் என்று மூன்று நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள். காய்ந்த தேங்காய் மட்டையின் தண்டால் தட்டிக்கொண்டே நடந்தாலும் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். கிளம்பிய இடம் பொள்ளென்று கேட்கும்.

ஈரம் இருந்தால் உடனே வோட்டர்புரூஃப் பூச வேண்டாம். பூச்சுக்காரர் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். மேலே மூடினால் உள்ளே உள்ள ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. கொழும்பில் ஆகக் குறைவாக மழை பெய்வது ஜனவரி, பெப்ரவரியில். இந்த வேலைக்கு அந்த இரண்டு மாதத்தை விட்டால் வேறு நல்ல காலமில்லை. கிளம்பிய பூச்சை வெட்டியெடுத்து, நனைந்த ரெஜிஃபோமை எறிந்து, வெயிலில் காயவிட்டு, தண்ணீர் ஓடச் சரிவு வைத்துப் பூசி, அதன் பிறகு வோட்டர்புரூஃப். வாங்கும்போது வெள்ளை மணி மணியாக இருப்பதைவிட நெருக்கமாக வார்த்த நீல அல்லது இளஞ்சிவப்புப் பலகை கிடைத்தால் அதையே எடுங்கள், அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. விலை கூட. ஆனால் சீமெந்துக்குள் புதைக்கிற சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

பொலித்தீன் காய்ந்தே இருந்தால் மேல் பெயின்றைப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ற் வெயிலைத் திருப்பும், பாசி பிடித்த வெள்ளை திருப்பாது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும், செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடி வரும். அதனால் மார்ச் மாதம் சிலாப்பைத் தேய்த்துக் கழுவுவது வீட்டில் ஒரு வழக்கமாக இருக்கட்டும். கழுவுகிற அன்றே பீலியையும் வழித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் கூரைக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் தொட்டில்.

ஓர் இடம் மட்டும் சுடுகிறது, அல்லது சீலிங்கில் மஞ்சள் கறை

வெப்பமானியால் சீலிங்கைக் கட்டம் கட்டமாக அளந்தால் அந்த இடம் பிடிபட்டுவிடும். அங்கே அண்மையில் யாராவது ஏறினார்களா என்று யோசியுங்கள். சூரியத் தகடு பூட்டியவர்கள், டிஷ் அன்ரெனா பூட்டியவர்கள், ஏசிக் குழாய் இழுத்தவர்கள். வழிக்கு இடைஞ்சலான கிளாஸ் வூலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரும்ப வைக்காமல் போவது சாதாரணம். திரும்ப விரிக்கும்போது அமுக்க வேண்டாம். நாலு அங்குலத்தை இரண்டு அங்குலமாக அமுக்கினால் காப்பும் பாதியளவாகிவிடும்.

மஞ்சள் கறையும் நாற்றமும் சேர்ந்து வந்தால் மரநாய். பகலில் சத்தமில்லை, இரவு ஏழரைக்கு மேல் ஓட்டம், சீலிங்குக்கு மேலே பப்பாசி விதையும் கித்துள் கொட்டையும் நிறைந்த எச்சம். ஒரே மூலையைக் கழிப்பிடமாக வைத்திருக்கும், அங்கே காப்பு ஊறி அழுகிப் போயிருக்கும். எலியென்றால் எச்சம் சிறியது, நுரையைச் சுரண்டிக் கூடு கட்டியிருக்கும்.

அடைக்கிற நேரம் முக்கியம். மரநாய் இரை தேடப் போன பிறகு, இரவு எட்டு ஒன்பது மணிக்குத்தான் அடைக்க வேண்டும். அதற்கு முன் பகலில் டோர்ச் அடித்துக் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். குட்டி இருந்தால் அது வளர்ந்து வெளியேறும்வரை சில வாரம் பொறுங்கள். குட்டியை உள்ளே வைத்து அடைத்தால் தாய் கூரையைப் பிய்த்து எடுத்துவிடும், அது பாவமும்கூட. நஞ்சு வைக்கவே வேண்டாம். கூரையைத் தொடும் மா, பலாக் கிளைகளை இரண்டு மீற்றராவது தள்ளி வெட்டுங்கள்.

எச்சம் அள்ளும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைத் தரும். ஊறிய காப்பைத் தண்ணீர் தெளித்துப் பையில் கட்டி இறக்குங்கள். போர்டைப் புளீச் கரைத்துத் துடைக்கலாம், ஃபோயிலில் மட்டும் படவிடாதீர்கள்.

ஏசி அறையின் சீலிங் வியர்க்கிறது, கறுப்புப் பூஞ்சணம் வருகிறது

இதைத்தான் ஆகக் கூடுதலாகப் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். பம்பலப்பிட்டியில் உறவுக்கார மாமி ஒருவர் வீட்டில் நடந்தது. "தம்பி, கூரை ஒழுகுது, ஆனா மழையே இல்லையே" என்றார். கூரைக்காரர் இரண்டு முறை வந்து சிலிக்கன் பூசிப் பணம் வாங்கிப் போயிருந்தார். நான் போய் சீலிங்கில் பதித்திருந்த மின்குமிழ் ஒன்றைக் கீழே இழுத்தேன். அதன் வயர் வழியாக ஒரு மேசைக்கரண்டி அளவு தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. குளிர்ந்த தண்ணீர். மழைத் தண்ணீர் என்றால் அந்தக் கூரைக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்திருக்கும்.

கொழும்பில் வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 25 பாகைக்குக் குறைந்த எதைத் தொட்டாலும் தண்ணீராக மாறும். ஏசியை 18 இல் வைத்தால் சீலிங் போர்ட் ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி. மேலேயிருந்து கிளாஸ் வூலுக்குள் இறங்கும் ஈரக் காற்று போர்டின் முதுகில் வியர்த்து, கிளாஸ் வூலை நனைத்து, பிறகு சொட்டும்.

மாமி வீட்டில் கிளாஸ் வூலுக்குக் கீழே, போர்டின் மேல், பிளாஸ்ரிக் தாள் விரித்திருந்தார்கள். குளிர் நாட்டு வீட்டு வேலை வீடியோ ஒன்றைப் பார்த்துச் செய்தது. அங்கே ஈரம் சூடான அறைக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், அதனால் தாள் உட்பக்கம். நமக்கு ஈரம் வெளியிலிருந்து குளிர்ந்த அறைக்குள் வரப் பார்க்கும், அதனால் தாள் வெளிப்பக்கம், அதாவது கிளாஸ் வூலுக்கு மேலே. ஏசி அறைக்கு மேலே ஃபோயில் ஒட்டிய கிளாஸ் வூல் போட்டால் ஃபோயில் முகம் மேலே இருக்கட்டும், மூட்டுகள் எல்லாம் டேப் ஒட்டியிருக்கட்டும். தகட்டுக்குக் கீழே தொங்கும் ஃபோயிலுக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு; இங்கே ஃபோயிலின் வேலை ஈரத்தைத் தடுப்பது.

திருத்தும் ஒழுங்கு இது. நனைந்த கிளாஸ் வூலை எடுத்து எறியுங்கள். ஒருமுறை ஊறித் தொய்ந்தது காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு வராது. பூஞ்சணம் பிடித்த போர்டின் முதுகையும் பாருங்கள், ஊதியிருந்தால் மாற்றுங்கள். மின்குமிழ் பதித்த துளைகளின் விளிம்பையும் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தையும் அடையுங்கள். குமிழின் முதுகில் கிளாஸ் வூலைப் போர்த்த வேண்டாம், சூடு வெளியேறாமல் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அப்புறம் ஏசியை 25, 26 க்கு உயர்த்தி மின்விசிறியைப் போடுங்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியதை அனுபவித்த எந்த வீட்டுக்கும் இதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. மாமி இப்போது 26 இல் தூங்குகிறார், சீலிங் காய்ந்திருக்கிறது.

ஏசிக் குழாய் சொட்டுகிறது

செப்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு ரப்பர் உறையைத் தொட்டுப் பாருங்கள். வெளிச்சுவரில் வெயில் படும் பகுதி வெடித்துப் பொடியாகியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, அதே தடிப்பில் புது உறை போட்டு, மூட்டுகளைப் பசையால் ஒட்டி, மேலே வெயில் தாங்கும் டேப்போ பீவிசி மூடியோ போடுங்கள். பழைய சோனகத் தெருக் கடைகளில் அடிக்கணக்கில் வாங்கலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் மேற்கு அறை சுடுகிறது

இது காப்பின் குற்றமில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். சீலிங்கைவிடச் சுவர் சூடாக இருந்தால், மேலே இன்னும் ஒரு தட்டு கிளாஸ் வூல் போட்டும் பயனில்லை. சுவருக்கும் யன்னலுக்கும் வெளியே நிழல் வேண்டும். மூங்கில் தட்டியை யன்னலுக்கு உள்ளே கட்டினால் கண்ணாடி வழியே வந்த சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று. வெளியே, சுவரிலிருந்து ஒரு கைப்பிடி தள்ளிக் கட்டுங்கள். இரண்டு மணிக்கே இறக்கிவிடுங்கள். நாலு மணிக்கு இறக்கினால் சுவர் அதற்குள் சூட்டைக் குடித்து முடித்திருக்கும்.